திருவாதிரையில் பிறந்தவர்கள்

அறிவுமதி சென்னையில் நான்கு வருடம் இருந்தாள். பெருங்குடியில் ஒரு பெண்கள் விடுதி, எதிரே அலுவலகம், நடுவில் ஒரு சாலை. அவள் பார்த்த சென்னை பெரும்பாலும் அந்தச் சாலைதான். ஒருநாள் காலையில் அதைக் கடப்பதற்காக நின்றாள். சிக்னல் விழுந்தது, எல்லோரும் கடந்தார்கள், மறுபடி வண்டிகள் ஓடின. அவள் விடுதிக்குத் திரும்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா லூர்துசாமி முதுநகரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முன்பு சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் ஓட்டினார். மகள் பெட்டியோடு வந்து நின்றதைப் பார்த்து, "லீவா?" என்றார்.

"இல்லப்பா. வந்துட்டேன்."

"சரி. கொழம்பு இருக்குது. சோறு வைக்கணும்."

அவ்வளவுதான் பேசினார்கள். அவருக்காக அவள் திரும்பி வரவில்லை. தனியாக இருந்து அவருக்குப் பழகிவிட்டது. அவள் வந்ததில் அவருடைய ஒழுங்கு கொஞ்சம் கெட்டதுகூட. அவளுக்கு இந்த ஊரில் இருக்க வேண்டும், தெரிந்த வேலையைச் செய்துகொண்டு இருக்க வேண்டும். வேறு விளக்கம் அவளிடம் இல்லை. கேட்டவர்களுக்கு அது போதவில்லை.

பண்ருட்டியில் ஒரு நர்சரிக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டருக்கு வருகைப் பதிவு. இவையெல்லாம் ஒருமுறை செய்து கொடுத்ததும் முடிந்துபோகும். மாதாமாதம் ஓடுகிற ஒன்று கிடைத்தால் இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் மறுபடி அந்தச் சாலை.

அப்போதுதான் சாய்நாத் கூப்பிட்டான். சிதம்பரத்தில் அவளோடு இன்ஜினியரிங் படித்தவன். அப்பா சபாநாயக தீட்சிதர். வடக்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. தீட்சிதருக்கு என்று கட்டளைக் குடும்பங்கள் உண்டு. மாதம் ஒருமுறை, குடும்பத்தில் ஒருவர் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில், அவர் கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை செய்வார். விபூதியும் குங்குமமும் ஒரு வில்வ இலையும் கவரில் வைத்துத் தபாலில் போகும். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஆள் இருந்தார்கள். திட்டக்குடியில், மும்பையில், சிங்கப்பூரில். கவரில் விலாசம் எழுதுவது தீட்சிதரின் மனைவி சிவகாமு. அவர் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

"அம்மா கைல கட்டு. என் கையெழுத்து எனக்கே புரியாது. ஏதாவது பண்ணேன்" என்றான் சாய்நாத்.

முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது காபி வந்த டம்ளரை அறிவுமதி பார்த்தாள். வீட்டில் எல்லோரும் குடிக்கிற டம்ளர். அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை.

வேலை எளிது. ஒவ்வொரு நாளும் அன்றைய நட்சத்திரத்துக்கு உரியவர்களை எடுக்க வேண்டும். தீட்சிதருக்குப் பெயர்கள் அச்சடித்த ஒரு துண்டுத் தாள். சிவகாமுவுக்குக் கவரில் ஒட்ட விலாச லேபிள்கள். ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுத ஒரு வாரம் போதும்.

ஆட்களை எதில் வைப்பது என்பதை மட்டும் அவள் கொஞ்சம் யோசித்தாள். அரேயில் வைக்கலாம். அது வரிசை. ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். ஒருவரைத் தேட வேண்டுமென்றால் முதல் ஆளிடமிருந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஆப்ஜெக்டில் வைக்கலாம். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு. சீட்டைச் சொன்னால் அதற்குரியது நேராகக் கைக்கு வரும்.

சென்னையில் ஒருமுறை அவள் அரேயில் வைத்துத் தேடி எழுதியிருந்தாள். டீம் லீடர் எல்லோர் முன்னாலும், "அறிவுமதி, நீங்க பஸ்ல ஏறினா ஒவ்வொரு சீட்டா தட்டி எழுப்பித்தான் ஆளத் தேடுவீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து தேட வேண்டிய எதையும் அவள் வரிசையில் வைத்ததில்லை.

ஆகவே ஆப்ஜெக்ட். சீட்டில் என்ன எழுதுவது? நட்சத்திரம், பெயர், கோத்திரம், மூன்றையும் சேர்த்து ஒரே சீட்டு. மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேர் ஓர் ஊரில் இருக்கலாம். ஒரு வீட்டின் கட்டளைக்காரர்களில் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தாள்.

சாய்நாத் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஏற்றினான். விலாசங்களை அவன் அம்மா வாயால் சொன்னார். மணியார்டர் துண்டுகளும் பழைய கடிதங்களும் கொஞ்சம் உதவின. ஒவ்வொரு பெயருக்கும் பச்சை நிறத்தில் 'சேர்க்கப்பட்டது' என்று வந்தது.

தொடங்கியது ஒரு புனர்பூச நாளில். பூசம், ஆயில்யம், மகம் என்று ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள் வந்தன. தாள் வந்தது, லேபிள் வந்தது. சிவகாமு இடது கையால் ஒட்டினார். "இத்தனை வருஷம் எழுதிண்டு இருந்தேனே, யாராவது சொன்னாளா, ஒட்டலாம்னு?" என்றார். பக்கத்து வீட்டிலிருக்கும் சாய்நாத்தின் சித்தப்பா வந்து பார்த்தார். அவருக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் சொன்னால் அந்தச் சந்தில் இன்னும் சில வீடுகள் கேட்கும் என்றான் சாய்நாத்.

அதே சமயம் சென்னையிலிருந்தும் அழைப்பு வந்தது. வேறு கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும், வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். வரவில்லை என்று அவள் பதில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள். சித்தப்பா வீட்டில் ஒரு வார்த்தை உறுதியாகட்டும் என்று பார்த்தாள்.

வியாழக்கிழமை சாய்நாத் போன் செய்தான். "உடனே வா."

"என்னாச்சு?"

"வா, சொல்றேன்."

பஸ் சிப்காட்டைத் தாண்டிப் புதுச்சத்திரம் வரும்வரை அவள் என்னவெல்லாமோ நினைத்தாள். பிரிண்டரில் இங்க் தீர்ந்திருக்கும் என்பது அவற்றில் நல்லது.

திட்டக்குடியிலிருந்து மங்கலம் என்று ஓர் அம்மா காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாராம். மகன் தில்லைநாதன், திருவாதிரை நட்சத்திரம், கப்பலில் சமையல் வேலை. திருவாதிரை வந்துபோய் நாட்களாகியும் இந்த மாதம் கவர் வரவில்லை.

"போஸ்ட்ல லேட்டுனு சொல்லிட்டேன். நம்பலை. ஒன் லிஸ்ட்ல பாரு" என்றான்.

அறிவுமதி லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். திருவாதிரை, தில்லைநாதன், சிவ கோத்திரம். இருந்தது. விலாசம் சிங்கப்பூர் என்றிருந்தது.

"இது யாரு?"

"இது வேற தில்லைநாதன். செட்டியாராத்துப் பையன்."

"அவருக்கும் சிவ கோத்திரமா?"

"கோத்திரம் தெரியாதவா எல்லாருக்கும் சிவ கோத்திரம்தான் சொல்லுவோம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆப்ஜெக்டில் ஏற்கெனவே இருக்கும் சீட்டின் பெயரில் இன்னொன்றை வைத்தால் பழையது போய்விடும். அது எச்சரிக்காது, கேட்காது. வைத்தாயிற்று என்று பச்சை நிறத்தில் காட்டும். திட்டக்குடித் தில்லைநாதன் இருந்த இடத்தில் சிங்கப்பூர்த் தில்லைநாதன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"திருவாதிரையில எத்தன தில்லைநாதன் இருக்காங்க சாய்?"

சாய்நாத் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். அவன் முகம் மாறியது.

"திருவாதிரை சாமியோட நட்சத்திரம். அன்னிக்குப் பொறந்தா..." என்று நிறுத்தினான். "நானே ஏத்தினேன். ஒவ்வொண்ணா ஏத்தினேன். எனக்குத் தோணலை பாரு."

தீட்சிதரின் போன் மறுபடி அடித்தது. அவர் கோயிலுக்குப் போயிருந்தார். சாய்நாத் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, மறுபடி நான்தான், மங்கலம். தபால்காரரு எங்க தெருதாங்க. பையத் தொறந்தே காட்டிட்டாரு. இல்ல."

"ரெண்டு நாள் பாருங்கோம்மா. சில சமயம் விருத்தாசலத்துல தங்கிடும்."

"அவன் பொறந்ததுலேருந்து ஒரு மாசம் தப்பல தம்பி. கொரோனாவுல கூட, பஸ்ஸு வுட்டதும் மூணு கவரா சேந்து வந்துச்சு. இப்ப என்னா வந்துச்சு?" குரலைத் தாழ்த்தினார். "சாமி கும்புடறப்ப அய்யாவுக்கு எதாவது தோணி, அனுப்பாம வுட்டாங்களா? பூவு கருகிப் போச்சா, என்னா, ஏதுன்னு மறைக்காம சொல்லிடுங்க. பையன் கடல்ல கெடக்கறான். போன் வரல. ரெண்டு நாளா அடுப்பு பத்த வைக்கல நான்."

சாய்நாத் போனைக் கையால் மூடினான். "போஸ்ட்னே சொல்லிடலாம். நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிச்சா முடிஞ்சுது. சித்தப்பா உள்ளதான் இருக்கார். செவுரு ஒண்ணுதான்."

பக்கத்து வீட்டு ரேடியோ இங்கே கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே பேசுவதும் அங்கே கேட்கும். அறிவுமதி லேப்டாப்பை மூடினாள். பிறகு கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, என் பேரு அறிவுமதி. இவுங்க வீட்டுக்குக் கம்ப்யூட்டர்ல எல்லாப் பேரையும் ஏத்திக் குடுத்தது நான்தான். ஒங்க பையன் பேரு வுட்டுப்போனது என்னாலதான். போஸ்ட்ல ஒண்ணும் தப்பில்ல."

"ஒன்னாலன்னா?"

"திருவாதிரையில தில்லைநாதன்னு இன்னொருத்தரும் இருக்காரு. ஒரே பேருன்னால ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வெச்சுட்டேன். அவரு வந்ததும் ஒங்க பையன் அழிஞ்சு..."

"அப்புடிச் சொல்லாதம்மா."

"இல்லம்மா. விலாசந்தான். விலாசம் மட்டும் அழிஞ்சுபோச்சு. அதனால கவர் போடல."

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, திருவாதிரையில பொறந்தவனுக்கு வேற என்னா பேருதான் வெப்பாங்க? எங்க தெருவுலயே மூணு பேரு. ஒருத்தனக் கூப்புட்டா மூணும் வரும்."

"எனக்குத் தெரியலம்மா. நாங்க கிறிஸ்டியன்."

"அங்க எல்லாரும் அந்தோணிசாமியா இருப்பாங்களே."

அறிவுமதிக்குச் சிரிப்பு வந்தது. "ஆமாம்மா. எங்கப்பா லூர்துசாமி. தெருவுல நாலு பேரு."

"அப்பறம் என்னா? தெரியாம பண்ணிட்டேன்னு சொல்ற." குரல் மாறியிருந்தது. "அந்த இன்னொரு பையன் எந்த ஊரு?"

"சிங்கப்பூர்."

"அவனுக்குக் கவரு போச்சா?"

"போச்சும்மா."

"அப்ப எம்புள்ளையப் பத்தி அய்யாவுக்கு ஒண்ணும் தோணல."

"ஒண்ணும் இல்லம்மா. என் தப்பு ஒண்ணுதான்."

"நல்லாப் பண்ண போ. ரெண்டு நாள் பட்டினி போட்டுட்ட என்ன" என்று சொல்லிவிட்டு மங்கலம் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் ரேடியோ நின்றிருந்தது.

தீட்சிதர் கோயிலிலிருந்து வந்ததும் சாய்நாத் எல்லாவற்றையும் சொன்னான். அவர் மேல்துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"அன்னிக்குத் திருவாதிரை சீக்கிரம் முடிஞ்சுதேன்னு நினைச்சேன். கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் சீக்கிரம் ஆயிடும்னு சொன்னாளே, அதுதான் போலிருக்குன்னு இருந்துட்டேன்" என்றார்.

சிவகாமு உள்ளேயிருந்து சிரித்தார்.

"நான் தில்லைநாதன்னு அன்னிக்கு ஒரு தடவை சொல்லியிருக்கேன். அஞ்சாறு தடவை சொல்லணும். ஒரு தடவை சொன்னது யாரைச் சேந்துதுன்னு எனக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்னு சொல்லலாம். அது நமக்கு நாமே சொல்லிக்கறது." அறிவுமதியைப் பார்த்தார். "நாளைக்கு எல்லாருக்கும் தனித்தனியாப் பண்ணிடறேன். நீ லேபிளைச் சரி பண்ணு."

மாலையில் சித்தப்பா வந்தார். நிற்கும் இடத்திலேயே பேசினார். "ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதேம்மா. உண்மையைச் சொன்னது நல்லதுதான். ஆனா எங்காத்துக்கு இப்போ வேண்டாம். எங்காத்து மனுஷா இவா மாதிரி கேட்டுண்டு சும்மா இருக்கமாட்டா."

அவர் போன பிறகு சாய்நாத் பேசினான். "நம்ப வெச்சிருக்கலாம் அறிவு."

"எதச் சொல்லி? தபால்காரரு பையக் காட்டிட்டாரு. போஸ்ட்லயும் இல்லேன்னா ஒங்கப்பாதான் அனுப்பலன்னு ஆவும். அந்தம்மா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அது அவாளுக்கு. ஒனக்கு மூணு நாலு வீடு போச்சு."

அவள் லேப்டாப்பைப் பையில் வைத்தாள். போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு, வருகிறேன் என்று பதில் அனுப்பினாள். எழுதி வைத்திருந்த மற்ற பதிலை அழித்தாள். அன்றே நிரலையும் மாற்றி எழுதினாள். நட்சத்திரத்துக்கு மட்டும் சீட்டு, இருபத்தேழு சீட்டுகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு வரிசை. வரிசையில் ஆட்கள். பெயர் ஒன்றாக இருந்தால் என்ன, ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்க முடியாது. யாரையாவது தேட வேண்டுமென்றால் முதலிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகும். ஓட்டிப் பார்த்தாள். விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு பஸ் கூட நிறையாத ஆட்களுக்காக அவள் இத்தனை நாள் அந்த டீம் லீடருக்குப் பயந்திருக்கிறாள்.

ஆனால் அழிந்தவர்கள் வரவில்லை. அவர்கள் எங்கும் இல்லை. கடிதங்களை சாய்நாத் ஏற்றி முடித்ததும் கிழித்துப் போட்டிருந்தான். மணியார்டர் துண்டுகளில் பாதியில் ஊர் தெரியவில்லை. சிவகாமுவுக்கு விலாசங்கள் கை எழுதினால்தான் ஞாபகம் வரும். கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தார், பின்கோடு எல்லாம் குழம்பியது. தீட்சிதரின் போன் ஒன்றுதான் மிச்சம். அதில் எண்கள் இருந்தன. தில்லை சிங்கப்பூர். தில்லை திட்டக்குடி. தில்லை நெல்லிக்குப்பம் மில். தில்லை டீச்சர் பையன். தில்லை குள்ளம். அதற்குப் பிறகு நடராஜன்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விலாசம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு" என்றான் சாய்நாத். சனிக்கிழமை அவன் இரண்டு பேரைக் கூப்பிட்டான். இருவரிடமும் "சும்மா, ரெகார்டுக்கு" என்றான். ஒருவர் விலாசம் தர மறுத்துவிட்டார். இப்போதெல்லாம் இப்படித்தான் ஓடிபி கேட்கிறார்கள் என்றார். இரவு சாய்நாத் இதை அவளிடம் போனில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த லூர்துசாமி மகளின் அறையை எட்டிப் பார்த்தார்.

"பெட்டி கட்டலியா?"

"கட்டணும்."

"காலைல நான் ஸ்டாண்டுல வுடறேன். எத்தன மணி பஸ்ஸு?"

"பாக்கணும்பா."

"மெட்ராஸ் என்னா தூரமா? புடிக்கலன்னா போன தடவ மாரி வந்துடு. வூட்டுக்குப் பூட்டா போட்டிருக்கு?"

திங்கட்கிழமை காலை அவர் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் லேப்டாப் பையோடு மட்டும் வந்து ஏறினாள்.

"பொட்டி எங்க?"

"சிதம்பரம் போறேம்பா."

"அது எதிர்ப்பக்கம்" என்றார். சொல்லிக்கொண்டே வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

அவளைப் பார்த்ததும் சாய்நாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிவகாமு அவனை முந்திக்கொண்டு, "சாப்ட்டு வந்தியோ?" என்றார். அவள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தீட்சிதரின் போனைக் கேட்டு வாங்கினாள். நெல்லிக்குப்பத்துக்காரர் மில்லில் இருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவளுடைய கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "மொதல்ல வேற எவனாச்சும் எம்பேர்ல இருக்கான்னு கேட்டுருக்கணும். எனக்கு ரேசன் கடைலயே இதே ரோதனைதான்" என்றார். விலாசம் கொடுத்தார். டீச்சர் பையனுக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்திருந்தது. அதற்கும் திருவாதிரைதான், பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்களாம். குழந்தையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருவர் அவள் அப்பா பெயரைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டார். நீங்கள் எல்லாம் கோயில் காரியத்தில் ஏன் கை வைக்கிறீர்கள் என்று கேட்டார். அவள், சரிங்க, விலாசம் சொல்லுங்க என்றாள். அவர் வைத்துவிட்டார். சிவகாமு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அவனை நான் கேட்டுக்கறேன். நீ அடுத்ததைப் போடு" என்றார்.

பத்து மணிக்கு மேல் அவளுடைய போன் அடித்தது. சென்னை எண்.

"அறிவுமதியா? நீங்க இன்னிக்கு ஜாயின் பண்ணணும். வந்துட்டீங்களா?"

"இல்லங்க. நான் வரல."

"இன்னிக்கு வரலியா?"

"வேலைக்கு வரல. வெள்ளிக்கிழம வரேன்னு எழுதினேன். மன்னிச்சுக்குங்க."

"வேற எடத்துல கெடச்சிருக்கா?"

அவள் கூடத்தைப் பார்த்தாள். இந்த ஒரு வீடு இருந்தது. அதுவும் அடுத்த திருவாதிரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பண்ருட்டி நர்சரியில் ஏதோ மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"இல்ல" என்றாள்.

"ஒரு வாரம் டைம் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாங்க. வேற யாருக்காவது குடுங்க."

போனைக் கீழே வைத்தாள். அவள் தீட்சிதரின் போனை எடுத்து அடுத்த எண்ணை அழுத்தினாள். தில்லை குள்ளம். பரங்கிப்பேட்டைக்குப் போகும் வழியில் எங்கோ வீடு. வெகுநேரம் அடித்த பிறகு ஓர் இளம் குரல் எடுத்தது.

"தில்லைநாதன் அய்யா இருக்காங்களா? சிதம்பரத்துல தீட்சிதர் வீட்டுலேருந்து பேசறேன்."

"எந்தத் தில்லைநாதன்? தாத்தாவும் தில்லைநாதன், நானும் தில்லைநாதன்."

"திருவாதிரை."

"ரெண்டு பேருமே திருவாதிரைங்க."

"ரெண்டு பேரையும் சொல்லுங்க" என்று அவள் லேப்டாப்பை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.